கைக்கத்திப் பிடிக்குக் கயிறு சுற்றுவது எப்படி? மதுரைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கத்திப் பிடிக்குக் கயிறு சுற்றிக் காட்டும் காணொளிகள் இணையத்தில் ஏராளம். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கத்திதான் வருகிறது. துருப்பிடிக்காத எஃகு, பிடியில் அளவெடுத்துப் போட்ட துளைகள், மழுக்கி வழவழப்பாக்கிய ஓரங்கள். சுற்றுபவர் பத்து நிமிடத்தில் சுற்றி முடித்துச் சிரிக்கிறார். அதைப் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பட்டறையில் வாங்கிய கத்தியைக் கையில் எடுத்தால் ஒன்றுமே பொருந்தாது. துளை இருக்காது, ஓரம் கயிற்றை அறுக்கும், இரண்டு மழையில் உள்ளே துரு ஏறும். வியர்த்த உள்ளங்கையில் சுற்று முழுவதும் கழன்று சுழலும்.

பட்டறைக் கத்திக்குக் கயிறு சுற்றத் தமிழில் ஒரு குறிப்பும் கிடைக்காமல் நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சுற்றுவது கால்வாசி வேலைதான். முக்கால்வாசி வேலை கயிற்றைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எனவே 5ஆம் படிக்கு நேராகத் தாவிவிடாதீர்கள்.

இன்னொன்று. சமையலறைக் கத்திக்கும், மீன், இறைச்சி வெட்டும் கத்திக்கும் கயிறு சுற்றவே கூடாது. சாறும் இரத்தமும் கயிற்றுக்குள் இறங்கினால் எத்தனை முறை கழுவினாலும் நாற்றம் போகாது, கிருமியும் போகாது. தோட்டத்தில் நார் கிழிக்க, கொடிக்காலில் வெற்றிலைக் கொடியின் கட்டுகளை அறுக்க, வாழைச் சருகு கழிக்க, சாக்கு மூட்டையின் சணலை வெட்ட வைத்திருக்கும் சிறு கத்திக்குத்தான் இது ஏற்றது.

1. கத்தியைத் தேர்ந்தெடுங்கள்: ‘வால்’ எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

அலகு முடிந்து பிடிக்குள் போகும் இரும்புப் பகுதியை இந்தக் கட்டுரையில் வால் என்று சொல்கிறேன். பெரும்பாலான பட்டறைக் கத்திகளில் இந்த வால் கூம்பிக்கொண்டே போய் ஆணிபோல முடியும். மரப்பிடிக்குள் அடித்து இறக்குவதற்காகச் செய்த வடிவம் அது. அதன்மேல் நேரடியாகக் கயிறு சுற்ற முடியாது. எவ்வளவு இறுக்கினாலும் கயிறு மெலிந்த பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது, அலகின் இரும்பே அதே கனத்தில் பிடியின் கடைசிவரை பட்டையாக நீண்டிருக்கும் கத்தி. கடையில் தொங்கும் கத்திகளில் இது அரிது. பட்டறையில் சொல்லித்தான் செய்யவேண்டும். மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் போகும் சாலையில் திருப்புவனம் தாண்டி, சுமார் 30 கிலோமீட்டரில் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். மதுரைக்குள்ளும் சுற்றுக் கிராமங்களிலும் சிறு பட்டறைகள் உண்டு. பக்கத்தில் இருப்பதே போதும்.

பட்டறையில் சொல்லவேண்டியவை:

“அண்ணே, மரப்பிடி வேண்டாம். பிடிக்கும் சேர்த்து இரும்பைப் பட்டையாகவே விட்டுவிடுங்கள்.”

பிடியின் நீளம் 10 முதல் 11 செ.மீ. இருக்கட்டும். உள்ளங்கை பெரிதாக இருப்பவர்களுக்கு 12. அகலம் 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கயிறு ஏறினால் இரு பக்கமும் 4 மி.மீ. கூடும் என்பதை நினைவில் வையுங்கள். 20 மி.மீ. இரும்பு சுற்றிய பிறகு 28 ஆகிவிடும், 25 மி.மீ. இரும்பு 33 ஆகிக் கைக்குள் அடங்காது. வெறும் இரும்பைப் பிடித்துப் பார்க்கும்போது ‘கொஞ்சம் மெலிவாக இருக்கிறதே’ என்று தோன்றினால் அதுதான் சரியான அளவு.

துளையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இரும்பு சிவந்திருக்கும்போது துளை அடிப்பது அவருக்கு ஒரு நிமிட வேலை. அலகுப் பக்கத்தில் ஒன்று, அடிப்பக்கத்தில் ஒன்று. முன் துளை 6 மி.மீ., பின் துளை 8 மி.மீ. பின் துளையில் இரண்டு இழைக் கயிறு நுழையவேண்டும் என்பதால்தான் இந்த வேறுபாடு. இரண்டு துளைகளும் ஓரத்திலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும்.

கத்தியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், துளை இல்லை என்றால் வெல்டிங் பட்டறையிலோ லேத் பட்டறையிலோ டிரில் போட்டுத் தருவார்கள். பட்டறைக் கத்திகளில் பொதுவாக வெட்டும் வாய்க்கு மட்டும் தோய்ச்சல் (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது) கொடுத்திருப்பார்கள். வால் மென்மையாகவே இருக்கும், எனவே டிரில் இறங்கும். இறங்க மறுத்தால் அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள். சூடேற்றி மென்மையாக்குகிறேன் என்று யாராவது கேஸ் விளக்கைக் கொண்டுவந்தால் சம்மதிக்காதீர்கள். சூடு அலகுக்கு ஏறினால் கூர் நிற்காது.

மரப்பிடி போட்ட கத்திதான் இருக்கிறது என்பவர்களும் உண்டு. மரத்தின்மேலேயே மெல்லிய நூல்கயிறு சுற்றலாம். 5ஆம் படியின் முதல் முறை அதற்கும் பொருந்தும்.

2. காகிதங்கள்: இதை விளையாட்டாக நினைக்காதீர்கள்

நம் தென்மாவட்டங்களில் கத்தி வாங்குவதைக் காய்கறி வாங்குவதுபோல நினைக்க முடியாது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை நடத்திய ‘ஆபரேஷன் டிஸ்ஆர்ம்’ நடவடிக்கையின்போது, கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகளும் விற்கும் கடைகளும் வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எதற்காக வாங்குகிறார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது. எனவே பட்டறையில் ஆதார் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும். யார், எதற்கு என்று கேட்கவே கேட்காத இடத்தில் வாங்காமல் இருப்பதே நல்லது.

ரசீது கட்டாயம் வாங்குங்கள். அச்சடித்த பில் புத்தகம் இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் தேதி, பொருள், விலை, கையெழுத்து போதும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் உங்கள் பேச்சைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

அளவு பற்றி: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், ஆய்வு, தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசும் கைக்கத்தியின் அலகு 4 அங்குலத்தைத் தாண்டாது. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் சுற்றலாம் என்று பொருள் இல்லை. சிறு கத்தியானாலும் எதற்கு வைத்திருக்கிறாய் என்று காவலர் கேட்பார். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அதற்குச் சொல்வதற்குப் பதிலே இருக்காது. வேலை செய்யும் இடத்திலேயே கத்தியை வைத்துவிட்டு வாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும் நாளில் பைக்குள் மறந்துபோய்க் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்கவே முடியாது. அலகை நன்றாகப் பொதிந்து, ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்கவேண்டும்.

சுற்றி முடித்த மகிழ்ச்சியில் கத்தியை ஓங்கிப் பிடித்துப் படம் எடுத்துப் போடும் ஆசை இளைஞர்களுக்கு வரும். வேண்டாம் தம்பி. அரிவாளோடு நின்று எடுத்த படத்துக்காகக் காவல் நிலையம் போனவர்களின் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. மேசைமேல் வைத்துப் பிடியை மட்டும் படம் எடுங்கள். கைவேலை அதில்தான் நன்றாகத் தெரியும்.

3. கயிறு: எது, எவ்வளவு, என்ன விலை

மூன்று வகைகளைப் பரிந்துரைக்கிறேன்.

பாராகார்டு எனப்படும் பாராசூட் கயிறு. சுமார் 4 மி.மீ. தடிமன். வெளியே நெய்த நைலான் உறை, உள்ளே ஏழு இழைகள். ‘550’ என்று போட்டிருந்தால் 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ இழுவையைத் தாங்கும் வகை என்று பொருள். பெரும்பாலும் இணையத்தில்தான் வாங்கவேண்டியிருக்கிறது. 30 மீட்டர் சுருள் ஒன்றுக்கு நானூறு ரூபாய் ஒதுக்கினால் தரமானது கிடைத்துவிடும். மீட்டர் கணக்கில் விற்பவர்களிடம் வாங்கினால் விலை கூடும். ஆனால் ஒரே ஒரு கத்திக்கு முப்பது மீட்டர் எதற்கு என்பதையும் யோசியுங்கள்.

போலிகள் நிறைய. வெட்டிப் பாருங்கள்: உள்ளே ஏழு இழைகள் இல்லாமல் பஞ்சுபோல ஏதோ அடைத்திருந்தாலோ, நான்கைந்து இழை மட்டும் இருந்தாலோ அது அலங்காரக் கயிறு. தொட்டாலே வழவழவென்று மெழுகுபோல இருந்து, தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டே இருக்குமானால் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், பிடிக்கு உதவாது.

இரண்டாவது, கொத்தனார்கள் மட்டம் பார்க்கக் கட்டும் நைலான் நூல்கயிறு. எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும், விலை மிகக் குறைவு. 2 மி.மீ. தடிமன் உள்ளதை வாங்குங்கள். நிறம்தான் கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு. தோட்டத்தில் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவர்களுக்கு அந்த நிறமே வசதி. அதிகம் செலவழிக்காமல் முதல் தடவை பழக நினைப்பவர்கள் இதில்தான் தொடங்கவேண்டும்.

மூன்றாவது, மெழுகு பூசிய பருத்தி நூல். செருப்பு, தோல்பை தைப்பவர்கள் பயன்படுத்துவது. கைக்கு இதமாக இருக்கும். ஆனால் நனைந்தால் காய நேரமெடுக்கும். வீட்டுக்குள் இருக்கும் கத்திக்கு நல்லது.

சணல், தென்னங்கயிறு, கற்றாழை நார் ஆகியவை படத்தில் அழகாக இருக்கும். கையில் குத்தும், ஈரத்தில் உப்பும், பிறகு அழுகும். தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு நீளம் வேண்டும்? மாசி வீதிகளைச் சுற்றிய சந்துகளில் கயிறு விற்கிறவர்களிடம் ‘கத்திப் பிடிக்கு’ என்று கேட்டால் குத்துமதிப்பாகத்தான் வெட்டித்தருவார்கள். கணக்கு இதுதான்: பிடியின் சுற்றளவோடு கயிற்றின் தடிமனை மூன்று மடங்காக்கிக் கூட்டுங்கள். பிடியின் நீளத்தைக் கயிற்றின் தடிமனால் வகுத்தால் எத்தனை சுற்று என்று வரும். இரண்டையும் பெருக்கி, முனைகளுக்கு அரை மீட்டர் சேருங்கள்.

20 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம், 10 செ.மீ. நீளம் உள்ள பிடிக்குச் சுற்றளவு 50 மி.மீ. 4 மி.மீ. கயிறு என்றால் 62 மி.மீ. வீதம் 25 சுற்று. ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். முனைகளையும் சேர்த்தால் இரண்டு மீட்டர். நான் இரண்டரை வெட்டச் சொல்வேன். 2 மி.மீ. நூல்கயிற்றுக்கு நான்கு மீட்டர். 5ஆம் படியில் வரும் குறுக்குச் சுற்றுக்கு 4 மி.மீ. கயிற்றில் மூன்று மீட்டர். கடைசிச் சுற்றில் நான்கு விரற்கடை குறைந்தால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தொடங்கவேண்டும். மிஞ்சுகிற கயிற்றின் விலை சில ரூபாய்தான்.

மற்றச் செலவுகள்: 120, 220 எண் உப்புத்தாள் தலா ஒன்று, மாஸ்கிங் டேப் ஒரு சுருள், சிகரெட் லைட்டர் ஒன்று, நிறமற்ற நகப்பூச்சு அல்லது மரத்துக்குப் பூசும் வார்னிஷ் ஒரு சிறு டப்பா. கத்தியின் விலையைத் தவிர்த்து, நூல்கயிற்றில் செய்தால் 200 ரூபாய்க்குள் அடங்கும். பாராகார்டு சுருளோடு சேர்த்தால் 600 வரை போகும்.

4. அலகை மூடுங்கள், வாலைத் தயார் செய்யுங்கள்

முதல் வேலை அலகை மூடுவது. இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே அலகை வைத்து, நாளிதழ் சுற்றி, அதன்மேல் டேப் ஒட்டுங்கள். நுனியை இரண்டு மடங்காக மூடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் அந்த அலகைப் பிடித்துக்கொண்டுதான் முழு பலத்தோடு கயிற்றை இழுக்கப்போகிறீர்கள். ‘மெதுவாகச் செய்கிறேன், மூட வேண்டாம்’ என்பவர்கள் அரசு மருத்துவமனையில் தையல் போட வரிசையில் நிற்பார்கள்.

பிறகு ஓரங்கள். பட்டறையிலிருந்து வரும் வாலின் நான்கு விளிம்புகளும் கூராக இருக்கும். அவற்றின்மேல் கயிற்றை இறுக்கினால், வேலை செய்யச் செய்ய விளிம்பு உள்ளிருந்தே கயிற்றை அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று சுற்று முழுவதும் தளர்ந்துவிடும். அரத்தால் விளிம்புகளை மழுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். துளைகளின் வாயையும் விட்டுவிடாதீர்கள். பெரிய டிரில் முனையைக் கையால் திருகினாலே போதும். பழைய பனியன் துணியை விளிம்பின்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

அடுத்தது துரு. வண்டியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த பட்டறைக் கத்தி துருப்பிடிக்கும் எஃகுதான். கயிறு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எனவே வால் முழுவதையும் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, வார்னிஷோ நகப்பூச்சோ இரண்டு தடவை பூசுங்கள். துளைகளின் உட்புறத்துக்கும் பூசவேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை மதியுங்கள். ஒட்டுகிற பதத்தில் கயிறு சுற்றினால் பூச்சு உரிந்து கயிற்றோடு வந்துவிடும். இரவு பூசி மறுநாள் சுற்றுவதே நிம்மதி.

துருவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அலகுக்குத் தடவுங்கள், வாலுக்கு வேண்டாம். எண்ணெய் காயாது, சுற்று வழுக்கும்.

பிடி இன்னும் கொஞ்சம் பருமனாக வேண்டும் என்பவர்கள் சைக்கிள் டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி வாலின் இரு தட்டை முகங்களிலும் ஒட்டி, அதன்மேல் கயிறு சுற்றலாம். பஞ்சர் கடையில் கிழிந்த டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். குறுக்குச் சுற்றின் இடைவெளிகளில் அந்தக் கறுப்பு எட்டிப் பார்ப்பது தனி அழகு.

5. சுற்றுதல்

நைலான் கயிற்றைப் பத்து, பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, ஈரத்தோடு சுற்றுங்கள். ஈரத்தில் நெகிழும் நைலான் காயும்போது சுருங்கிப் பிடியைக் கவ்விக்கொள்ளும். வாலுக்குப் பூச்சு போடச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். பருத்தி மெழுகு நூலை ஊறவைக்கக் கூடாது.

கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையைக் கத்தியில் தொடங்கி, உங்கள் உடல் எடையைப் பின்னால் சாய்த்துக் கயிற்றை விறைப்பாக வைத்துக்கொண்டு, கத்தியை உருட்டி உருட்டிச் சன்னலை நோக்கி நகருங்கள். கயிற்றைக் கத்தியைச் சுற்றி ஓட்டாமல் கத்தியை உருட்டினால், விறைப்பு ஒரே சீராக இருக்கும். கைக்கு ஒரு பழைய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஈர நைலான் தோலை உரிக்கும்.

*முதல் முறை: நேர்ச் சுற்று.* புதியவர்களுக்கு இதுதான்.

பாராகார்டு என்றால் தொடங்கும் முனையில் 8 செ.மீ. அளவுக்கு உள் இழைகளை உருவி வெட்டிவிடுங்கள். உறை மட்டும் தட்டையாக நிற்கும். அந்த முனையை (நூல்கயிறானால் அப்படியே) அலகுப் பக்கத்திலிருந்து அடிப்பக்கம் நோக்கி வாலின் முகத்தில் நீளவாக்கில் படுக்கவையுங்கள். முதல் சுற்று அதன்மேல் விழவேண்டும், அடுத்தடுத்த சுற்றுகளும் அப்படியே. தொடக்க முனை தானே அடியில் சிக்கிக்கொள்ளும், முடிச்சே வேண்டாம்.

பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இல்லாமல் போகவேண்டும். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை மர அளவுகோலின் விளிம்பால் சுற்றுகளை அலகுப் பக்கமாகத் தள்ளி நெருக்குங்கள். அப்படித் தள்ளும்போது அரைச் சுற்று இடம் கிடைத்தால் நீங்கள் தளர்வாகச் சுற்றியிருக்கிறீர்கள். பிரித்துவிடுங்கள்.

முடிவில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். இன்னும் ஆறு சுற்றுகள் பாக்கி இருக்கும்போது நிறுத்துங்கள். மிச்சக் கயிற்றுத் துண்டிலிருந்து உருவிய உள் இழை ஒன்றையோ மீன்பிடி நரம்பையோ இரண்டாக மடித்து வாலின்மேல் வையுங்கள். மடிப்புக் கண்ணி அடிப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த நூலின் இரண்டு முனைகளும் அலகுப் பக்கமாக, சுற்றி முடித்த பகுதியின்மேல் கிடக்கட்டும். இப்போது அந்தக் கண்ணியின்மேலேயே கடைசி ஆறு சுற்றுகளையும் சுற்றுங்கள். பாராகார்டானால் கயிற்றின் கடைசி 10 செ.மீ.யிலும் உள் இழைகளை உருவித் தட்டையாக்கி, கயிற்றின் முனையைக் கண்ணிக்குள் நுழைத்து, அலகுப் பக்கம் கிடக்கும் இரண்டு நூல் முனைகளையும் சேர்த்துப் பிடித்து இழுங்கள். கயிற்றின் முனை ஆறு சுற்றுகளுக்கும் அடியில் புகுந்து வெளியே வரும். இறுக்கி, ஒட்ட வெட்டிவிடுங்கள்.

ஆறுக்கு மேல் சுற்றினால் இழுக்க முடியாது, நூல் அறுந்துவிடும். காணொளிகளில் பிடி முழுவதற்கும் கண்ணி வைத்து இழுப்பதைக் காட்டுகிறார்கள். அது மெல்லிய நூலுக்குச் சரி. 4 மி.மீ. கயிற்றில் அப்படிச் செய்யப் பயில்வானைத்தான் கூப்பிடவேண்டும்.

*இரண்டாம் முறை: குறுக்குச் சுற்று.* பார்க்க அழகு, பிடிமானமும் கூடுதல். நேர்ச் சுற்று கைக்குப் பழகிய பிறகு வாருங்கள். இதற்குச் சன்னல் கம்பி உதவாது. இரண்டு கைகளிலும் இரண்டு முனைகள் இருக்கும். கத்தியை, மூடிய அலகுப் பக்கம் மேலாக, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளுங்கள். அல்லது வைஸ் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் பட்டறைக் கருவி) இருந்தால் துணி வைத்து மாட்டுங்கள்.

கயிற்றின் நடுப்பகுதியை அலகுக்கு அருகில் ஒரு முகத்தில் பதியுங்கள். இரண்டு முனைகளையும் விளிம்புகளைச் சுற்றி மறுமுகத்துக்குக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போடுங்கள். மறுபடி விளிம்பைச் சுற்றி முதல் முகம். அங்கே ஒரு குறுக்கு. ஒரு வரிசையில் வலது கயிறு மேலே வந்தால் அடுத்த வரிசையில் இடது கயிறு மேலே வரவேண்டும். இதை மறந்தால் பாதியில் சாய்சதுரங்கள் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். ஒரு தாளில் ‘வ, இ, வ, இ’ என்று எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள். ஒவ்வொரு குறுக்கும் முகத்தின் நடுக்கோட்டில் விழுகிறதா என்று பார்க்க, முன்பே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். கை வலித்தால் கடைசிக் குறுக்கைத் துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வவைத்துவிட்டு ஓய்வெடுங்கள்.

முடிவில் பின் துளைக்குள் இரண்டு முனைகளையும் எதிர்எதிர்த் திசையில் நுழைத்து, பிடியின் அடியில் சதுர முடிச்சு (முதலில் வலதை இடதின்மேல், பிறகு இடதை வலதின்மேல் போட்டு இறுக்குவது) போடுங்கள். முகத்தின்மேல் முடிச்சு வந்தால் உள்ளங்கையில் அழுத்திக் கொப்புளமாகும். மிச்சக் கயிற்றில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வளையம் விட்டால் ஆணியில் மாட்ட உதவும். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பெரிய வளையம் வேண்டாம். கத்தி கை நழுவினால் தரையில் விழட்டும். மணிக்கட்டில் தொங்கி ஆடக் கூடாது.

6. முனையைச் சுடுதல், ஒட்டுதல்

நைலான் முனையை லைட்டரின் நீலச் சுடரில் காட்டினால் உருகிக் குமிழாகும். தண்ணீரில் நனைத்த கரண்டியின் பின்பக்கத்தால் அதை அழுத்துங்கள். விரலால் தொடவே கூடாது. 200 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் உருகும் நைலான் தோலில் ஒட்டினால் உரித்துக்கொண்டுதான் வரும். வார்னிஷ் டப்பாவை மூடித் தள்ளி வைத்துவிட்டு லைட்டரை எடுங்கள். பருத்தி நூலைச் சுட்டால் கருகும், அவ்வளவுதான். அதற்கு ஒரு சொட்டு மரப்பசை போதும்.

பருத்தியில் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை ஊற்றாதீர்கள். அந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் வேகமாகச் சூடேறும். புகையே வரும், கையும் சுடும். நைலானில் முனைக்கு ஒரு துளி வைக்கலாம்.

சுற்று முழுவதற்கும் அரால்டைட் பூசிக் கல்லாக்கிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கயிற்றின் சிறப்பே அழுக்கானால் பிரித்துப் புதிதாகச் சுற்றலாம் என்பதுதான். பசை பூசிய பிடி வழுக்கவும் செய்யும்; உள்ளே துரு ஏறினால் பார்க்க வழியும் இல்லை.

7. எப்போது செய்வது, எவ்வளவு நேரம்

முதல் தடவை சுற்றுவதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பழகினால் அரை மணி. ஓரம் மழுக்கித் தேய்த்துப் பூசுவதற்கு ஒரு மாலைப்பொழுது.

காய்வதுதான் ஊரையும் மாதத்தையும் பொறுத்தது. மதுரையில் சித்திரை, வைகாசி வெயிலில் நிழலில் தொங்கவிட்டாலே ஒரே பகலில் காய்ந்துவிடும். நேர் வெயிலில் வைக்கவேண்டாம். நைலான் நிறம் மங்கி நாளடைவில் வலுவிழக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மின்விசிறிக்கடியில் இரண்டு மூன்று நாள் வைத்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அந்த மாதங்களில் கயிற்றை ஊறவைக்காமல் உலர்ந்தபடியே இறுக்கிச் சுற்றுவது நல்லது. இறுக்கம் சற்றுக் குறையும். துருவுக்கு அது தேவலை.

பட்டறைக்குப் போகும் நாளையும் கவனியுங்கள். அறுவடைக்கும் பொங்கலுக்கும் முன்பு அரிவாள் வேலை குவிந்து கிடக்கும். அப்போது போய்ச் சிறு கத்திக்கு அளவு சொல்லிக்கொண்டு நின்றால் யாருக்கும் பொறுமை இருக்காது. பல பட்டறைகளில் சில நாட்களில் உலை மூட்டமாட்டார்கள். தொலைபேசியில் கேட்டுக்கொண்டு காலையிலேயே போங்கள். மதியத்துக்குள் கத்தியோடு பஸ் ஏறிவிடலாம்.

8. பிறகு

சுற்றிய மறுநாள் கத்தியை மூடிய அலகோடு பிடித்துப் பிடியை முறுக்கிப் பாருங்கள். சுற்று அசைந்தால் வேலைக்கு எடுக்காதீர்கள். அசையாவிட்டால் அலகின் பொதியைப் பிரித்து, உறைக்குள் போடுங்கள். உறை இல்லாவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் கத்தியைக் காட்டித் தோலில் ஒன்று தைத்துக்கொள்ளலாம். அலகின் அளவை அட்டையில் வரைந்து கொண்டுபோனால் கத்தியைக் கடைத்தெருவில் தூக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை.

அழுக்கானால் பழைய பல்துலக்கியும் துணி சோப்பும் போட்டுத் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். மழையில் நனைந்த கத்தியைச் சுற்றோடு உறைக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். விளிம்பில் கயிறு பஞ்சு பிரிந்தாலோ, கயிற்றின் இடுக்குகளில் செந்நிறம் கசிந்தாலோ பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. பிரிப்பதற்கு முன் அலகை மறுபடி அட்டையும் டேப்பும் வைத்து மூடுங்கள். பிறகு வேறொரு பிளேடால் பிடியின் முகத்தில் நீளவாக்கில் கீறினால் பழைய சுற்று ஒரே உரியாக வந்துவிடும். அடியில் துருவைத் தேய்த்து, மறுபடி பூச்சு போட்டு, 5ஆம் படியிலிருந்து தொடங்குங்கள்.